இர்மேலாவின் முறை

பலகை ஈரமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ரொட்டி வாங்கக் கிளம்பிய இர்மேலா, மாடி அறையின் கதவைச் சாத்தும்போதுதான் கைப்பிடியில் அது கயிற்றில் தொங்குவதைப் பார்த்தாள். உள்ளங்கை அகல மரப்பலகை. ‘இந்த வாரம் உங்கள் முறை’ என்று எழுதி, ஓரத்தில் ஒரு துடைப்பம் வரைந்திருந்தது. தெற்கு ஜெர்மனியின் ஷ்வாபிய மண்ணில் பிறந்த எவருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும்; சனிக்கிழமை வேலையை முடித்துப் பலகையை அடுத்தவர் கதவில் மாட்ட வேண்டும். கடவுளை நம்பாதவர்கள்கூட அங்கே அந்தப் பலகைக்குப் பயப்படுவார்கள். ஆனால் ஒரே ஒரு வாரம் தங்க வந்தவளின் கதவில் யாரும் அதை மாட்டுவதில்லை.

கயிற்றைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள். நிலவறை வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, பழைய மெழுகுவர்த்தியையும் பாலாடைக்கட்டியையும் ஒரே டப்பாவில் போட்டு மறந்துவிட்டது போல. பலகையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, முதல் மாடியில் வீட்டுக்காரி நேகெலேயின் கதவைத் தட்டினாள்.

நேகெலேக்கு எழுபது வயது. கையில் காப்பிக் கோப்பையோடு வந்தவள் பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“என் கதவுல தொங்குச்சு. நீங்க மாட்டலையா?”

“நானா? ஏப்ரல்லேர்ந்து இதைக் காணோம்மா. உங்க தம்பி தூக்கிட்டுப் போனதுதான் கடைசி. நாங்க அட்டையில எழுதி வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கோம்.”

இர்மேலா பலகையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் ஹாஸல்ஸ்டைக் என்ற இந்த மலையூருக்கு வந்ததே அந்தத் தம்பிக்காகத்தான். டீட்மார் ஏப்ரலில் இதே மாடி அறையில் மூன்று நாள் தங்கினான். நாலாம் நாள் காலை, தரைத்தளத்துக் கிழவர் பீலரின் கண்ணெதிரே பலகையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “மலை ரொம்ப அழுக்கா கிடக்கு, அதுக்கும் ஒரு முறை வரட்டும்” என்று சிரித்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. நாய்கள் தேடின, ஹெலிகாப்டர் தேடியது, ஜூலையில் போலீஸ் கோப்பை மூடியது. இலையெல்லாம் உதிர்ந்தால் தரை தெரியும் என்று நவம்பருக்காகக் காத்திருந்து இவள் வந்திருக்கிறாள். ஓர் எலும்பு கிடைத்தாலும் போதும், அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்துவிடலாம்.

அவளுக்கு அது வெறும் பாசம் மட்டும் இல்லை. ஏப்ரலில் அவன் முதலில் வந்தது எஸ்லிங்கனில் இருக்கும் அவள் வீட்டுக்குத்தான். மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, ஒரு வாரம் கூடாரத்தில் கிடந்து, முழங்கால் வரை சேறும் வியர்வை நாற்றமுமாக வாசலில் நின்றான். இர்மேலா கதவை முழுசாகத் திறக்கவில்லை. “இந்தக் கோலத்துல உள்ள வராத. எங்கயாவது போய்த் தேய்ச்சுக் குளிச்சிட்டு வா” என்றாள். “சரி இர்மி, தேய்ச்சுட்டு வரேன்” என்று அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். அவன் போனதும் அவன் நின்ற இடத்தை அவள் இரண்டு தடவை துடைத்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அவள் வீடு முழுவதும் விசாரித்தாள். பலகையை மாட்டியது தானில்லை என்று பீலரும் சத்தியம் செய்தார். நிலவறையையும் பார்க்கலாம் என்று இறங்கியபோதுதான் கடைசி மூன்று படிகளில் அந்தத் தடத்தைக் கண்டாள். வெள்ளையும் சாம்பலும் கலந்த வழுவழுப்பான ஒன்று, படியின் விளிம்பில் அழுத்தி இழுத்தது போலப் படிந்திருந்தது. யாரோ சோப்புத் தண்ணீரை அலசாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த வீட்டின் நிலவறைக்குப் பின்சுவர் கிடையாது, மலைப்பாறைதான் சுவர். அதில் ஒரு வெடிப்பு, வெடிப்பிலிருந்து ஓயாமல் ஊற்று, ஊற்று விழும் கல்தொட்டியில் நேகெலேயின் ஆப்பிள் மதுப் புட்டிகள். ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான்.

“விருந்தாளி நீங்க, துடைக்க வேணாம்” என்றாள் நேகெலே மேலிருந்து. கொஞ்சம் நிறுத்தி, “வாளி கதவுக்குப் பின்னால இருக்கு” என்றாள்.

இர்மேலாவின் கை சும்மா இருக்காது. தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு, முட்டி போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை நிலவறைச் சாக்கடையில் ஊற்றினாள். அது எளிதில் போகவில்லை. பிரஷ்ஷின் மயிரில் கொழுப்பாகத் திரண்டது.

புதன்கிழமை தடம் நிலவறையைத் தாண்டித் தரைத்தளத்துக்கு வந்திருந்தது. மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. முந்தைய நாள் துடைத்த படிகள் சுத்தமாகவே இருந்தன. அவள் விட்ட இடத்திலிருந்து அது தொடர்ந்திருந்தது. இந்தத் தடவை அதில் முடி ஒட்டியிருந்தது, குட்டை முடி, நிறமில்லாத முடி. பச்சையாக நூல் போல ஒன்றும் இருந்தது. பாசி என்று சொல்லிக்கொண்டு தேய்த்தாள். பிறகு பகல் முழுவதும் மலையில் அலைந்தாள். மழைநீரை விழுங்கும் குழிகள் அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் படுத்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழிகள் ஈரக்காற்றை மட்டும் அவள் முகத்தில் விட்டன. அந்தக் காற்றிலும் மெழுகு வாடை இருந்தது.

வியாழக்கிழமை நேகெலேயின் வாசல். தடம் அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்திருக்கிறது. கதவுக்கு முன்னால் கட்டியாகத் தேங்கிக் கிடந்தது. விரலால் வழித்து எடுக்க வேண்டியிருந்தது. கையுறையைத் தாண்டியும் அதன் குளிர்ச்சி தெரிந்தது. அவள் வேலையை முடித்தாள். இரவு கையை ஏழு தடவை கழுவினாள். நகக்கண்ணில் வாடை போகவில்லை.

வெள்ளிக்கிழமை இர்மேலாவின் அறைக்கு ஏறும் படிக்கட்டு. கதவுக்கு நாலு படி கீழே வரை வந்திருந்தது. படியின் இடுக்கில் அரைவட்டமாக, மஞ்சளாக ஏதோ சிக்கியிருந்தது. கிள்ளி எடுத்தாள். மெழுகுச் சில்லு. மெழுகுச் சில்லுதான். வாளியில் போட்டாள்.

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்தவளை பீலர் தன் சமையலறைக்குள் இழுத்து உட்கார வைத்தார். நாற்பது வருஷம் மலை மீட்புப் படையில் இருந்தவர், வாய் ஓயாதவர்.

“என்ன தேய்ப்பு தேய்க்கிறீங்க! நேகெலே பயந்துபோய்க் கிடக்கா, அவ முறை வந்தா மானம் போயிடுமாம்.” கிளாஸில் ஆப்பிள் மது ஊற்றினார். புட்டியின் கழுத்து பிசுபிசுத்தது. அவர் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “இந்த மலை இருக்கே, ஓட்டைப் பானை. மேல எதைப் போட்டாலும் நம்ம வீட்டு நிலவறைக்குத்தான் வரணும். எனக்குப் பத்து வயசு. ஒரு வெள்ளாடு குழியில விழுந்துச்சு. அடுத்த வருஷம் பனி உருகினப்ப இங்கதான் வந்துச்சு, இந்தத் தொட்டிக்கு.”

“எலும்பாவா?”

“எலும்பா? நீங்க வேற! காத்துப் படாத குளிர்ந்த தண்ணில கிடந்தா மாமிசம் அழுகாதுங்க. கொழுப்பெல்லாம் இறுகிப்போயி வெள்ளையா வழவழன்னு ஆயிடும். அசல் சோப்புதான். எங்கம்மா கையில எடுத்துப் பார்த்துட்டு... ஏங்க? ஏங்க, என்ன ஆச்சு? குடிங்க, நல்ல மதுதான், தொட்டியில குளிர வச்சது.”

அவள் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மது வந்தது, ரொட்டி வந்தது, பிறகு வெறும் பித்தம். கண்ணில் நீர் வழிய அவள் கணக்குப் போட்டாள். செவ்வாய் ஒரு வாளி. புதன் ஒன்று. வியாழன் இரண்டு. இன்று ஒன்று. பிரஷ்ஷின் மயிருக்குள் சுற்றிக்கொண்டிருந்த பச்சை நூலை அறைக்குப் போய்ப் பிய்த்தெடுத்து விளக்கடியில் விரித்தாள். பாசி இல்லை. கம்பளி. கிறிஸ்துமஸுக்கு அவள் கையால் பின்னிக் கொடுத்த காலுறை, குதிகாலில் மட்டும் சாம்பல் நிறம்.

அவன் படியேறி வந்துகொண்டிருக்கிறான். அவள் அவனைத் தேய்த்துத் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

அன்று அவள் தூங்கவில்லை. அழுதாள். எந்தக் கோலத்தில் வந்தாலும் சரி, கதவை அகலத் திறப்பேன், ‘உள்ளே வா’ என்று சொல்வேன், எஸ்லிங்கனில் சொல்லாததை இங்கே சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அவனை அம்மாவிடம் கொண்டுபோய் விடலாம்.

சனிக்கிழமை காலை தடம் கூடவில்லை. நேகெலேயும் பீலரும் மதியம் ஒரு திருமணத்துக்குப் போனார்கள். பனிமூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டது. மூன்று மணிக்கே படிக்கட்டில் வெளிச்சம் போய்விட்டது. இர்மேலா கதவை நன்றாகத் திறந்து வைத்து, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வாளியும் பிரஷ்ஷும் வாசலில் கால்மிதி அருகே இருந்தன. சனிக்கிழமை ஆயிற்றே, பழக்கத்தில் கை தானாகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தது.

கீழே ஊற்றுச் சத்தம் நின்றது. அது நிற்கும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. பிறகு நிலவறைக் கதவு. பிறகு ஈரமான ஏதோ மரத்தில் ஒட்டி, பிய்ந்து, மறுபடி ஒட்டும் சத்தம். ஒரு படி. நீண்ட நேரம் கழித்து இன்னொரு படி. வாடை அதற்கு முன்னால் வந்தது. மெழுகு, பாலாடைக்கட்டி, குகையின் குளிர், எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெலிதாக, அவன் வியர்வை. அவளுக்குத் தெரிந்த வியர்வை.

வா, என்று மனதுக்குள் சொன்னாள். வாடா.

பீலரின் தளம். நேகெலேயின் தளம். மாடி அறைக்கு ஏறும் முதல் படி.

கால்மிதியில் சத்தம் நின்றது. இருட்டு. படிக்கட்டு விளக்கின் பொத்தான் கதவுக்கு வெளியே இருந்தது. அவள் எழுந்து, கையை மட்டும் நீட்டி, அழுத்தினாள். அந்த விளக்கு இரண்டு நிமிடம் எரியும். பிறகு தானாக அணையும்.

அவன் கால்மிதியில் மண்டியிட்டிருந்தான். வெள்ளையாக இருந்தான். பாதங்கள் இல்லை. அவற்றைத்தான் அவள் நாலு நாளாகத் தேய்த்திருக்கிறாள். ஒரு கணுக்காலில் பச்சைக் கம்பளி கொஞ்சம். கையில் அவளுடைய பிரஷ்.

தேய்த்துக்கொண்டிருந்தான். வாளியில் முக்கி, முழங்காலில் வைத்து, அழுத்தி, அக்கறையாக. சின்ன வயதில் அவள் சொல்லிக் கொடுத்த மாதிரி, கீழிருந்து மேலே. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சுருள் வழிந்து வாளியில் விழுந்தது. கொஞ்சம் தேய்ப்பான். நிமிர்ந்து அவளைப் பார்ப்பான். கேட்பது போல. மறுபடி தேய்ப்பான்.

போதும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். போதும், உள்ளே வா.

அவள் வாயைத் திறந்தாள். வாடை உள்ளே போனது. கை தானாக மேலே வந்து வாயை இறுக மூடியது. அந்தக் கையை அவளால் எடுக்க முடியவில்லை. தம்பி, தம்பி என்று உள்ளே எதுவோ கதறியது. உடம்பு ஓரடி பின்னால் போனது. இன்னோரடி.

அவன் அதைப் பார்த்தான். சரி என்பது போலத் தலையாட்டினான்.

விளக்கு அணைந்தது. இருட்டில் பிரஷ் ஓடியது. சரக். சரக். தண்ணீரில் முக்கும் சத்தம். அவள் தடவித் தடவிப் பொத்தானை அழுத்தினாள்.

இப்போது முழங்கால்கள் இல்லை. வாளி நிரம்பி வெள்ளையாகத் தளும்பியது.

மறுபடி அணைந்தது. மறுபடி அழுத்தினாள்.

இடுப்பு வரை இல்லை. அவன் இன்னும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கிய முகம், உதடு இருந்த இடத்தில் பழைய சிரிப்பின் பள்ளம் மட்டும். அவள் கை வாயிலிருந்து விலகவில்லை. அவன் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு பிரஷ்ஷை வாளியில் நன்றாக முக்கி எடுத்து, முகத்தில் வைத்து, தேய்க்க ஆரம்பித்தான்.