ஒன்பது நிமிடம் ஓடவேண்டிய கணினி

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என்பதால், கடலோர மேட்டுக்குடியிருப்பின் வாசல்தோறும் பழைய கணினிகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. எட்டு மணிக்குக் கருவித் தணிக்கைப் படை வரும். பத்தாண்டு கடந்த கருவிகளை உடைக்கும். முதல் சுத்தியலடியை உரிமையாளரே அடிக்க வேண்டும் என்பது வழக்கம். தெருமுனையில் அந்தச் சத்தம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

மங்கையர்க்கரசி வாசலில் எதையும் வைக்கவில்லை. உள்ளே, பதினான்கு வயதான மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, நினைவகப் பட்டையின் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் திரை இருண்டே கிடந்தது. விசிறியின் தூசியைப் பல்துலக்கியால் எடுத்தாயிற்று. மின்கலம் பொரித்த அப்பளமாக உப்பியிருந்தது. அதைக் கழற்றினாலோ கணினி எழவே மறுத்தது.

“அக்கா, இது மூச்சு வாங்குறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. புதுசுதான் சும்மா குடுத்திருக்காங்களே, பிரிச்சாவது பாரேன்” என்று சன்னலில் எட்டிப் பார்த்தாள் அண்டைவீட்டுச் செல்லக்கிளி.

“பிரிச்சுப் பாத்தாச்சு. அதுல தணிகை சிரிக்கிறான்.”

செல்லக்கிளி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

புதிய கருவிகள் அனைத்திலும் அமைதிவடிப்பான் உண்டு. ஓங்கிய கையையோ வழியும் குருதியையோ பட்ட காயத்தையோ எந்தத் திரையும் காட்டாது. அவ்விடத்தைச் சாந்தமான காட்சியால் நிரப்பிவிடும். நாட்டில் வன்முறை ஒழிந்துவிட்டது என்பதற்கு அந்தத் திரைகளே சான்று. மூன்று மாதங்களுக்கு முன் உப்புநீக்கு ஆலையின் வாயிலில் மங்கை வருகைப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, காவலுக்கு நின்ற தணிக்கைப் படையினர் அவள் தம்பி தணிகைவேலை அடித்தே கொன்றார்கள். மேசைமீது திறந்திருந்த இந்தக் கணினியின் கேமரா அதைப் பதிந்துகொண்டது. புதியதற்கு நகலெடுத்தபோது, தம்பியும் படையினரும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

இன்று பதினோரு மணிக்கு அந்தச் சாவு குறித்து விசாரணை. பழைய திரையிலேயே பார்க்க அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். பதிவு ஒன்பது நிமிடம். கணினி பதினொரு நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடும். போதும்.

பட்டையைப் பொருத்தி விசையை அழுத்தினாள். விசிறி அலறியது, திரை வெளுத்தது. சோதித்துப் பார்க்கப் பதிவை ஓடவிட்ட கணத்தில் கதவு பெயர்ந்து விழுந்தது.

படைத்தலைவன் பரஞ்சோதி அவள் கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதினான். வாய்க்குள் ஒரு பல் உருண்டது. சுத்தியலை ஓங்கிக்கொண்டு கணினியை நெருங்கியவன் திரையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

“யாரு இது?”

“நீதான்.”

“பொய். அன்னைக்குப் பதிவைப் பாத்துதான் கையெழுத்துப் போட்டேன். அவனுக்குத் தண்ணி குடுத்து அனுப்பி வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

படையினர் தம் சீருடைக் கேமராவின் பதிவை மாலைதோறும் பார்த்துக் கையொப்பமிடுவார்கள். அதுவும் வடிப்பானில் வடிந்த பதிவுதான். ஆண்டுக்கணக்கில் திரையில் கண்டதே அவர்கள் செய்ததாகிவிட்டிருந்தது. இவன் பொய் சொல்லவில்லை என்பது மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. சுத்தியலைவிட அது அவளை அதிகமாக அச்சுறுத்தியது.

அவன் முழுவதையும் பார்த்தான். தணிகையின் தாடை உடைந்த ஓசையில் தன் வலக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். ஏழாவது நிமிடத்தில் தணிகையின் அசைவு நின்றது, லத்தி நிற்கவில்லை.

“பதினோரு மணிக்கு வா. வந்து நீயே சொல்லு” என்றாள் மங்கை, குருதியைத் துப்பியபடி.

அவன் தன் மார்பில் மினுங்கிய கேமராவைக் குனிந்து பார்த்தான்.

“சாயங்காலம் பதிவுல இது எதுவும் இருக்காதுல்ல?”

அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

“முதல் அடி நீதான் அடிக்கணும்” என்று சுத்தியலை நீட்டினான்.

“முடியாது.” கணினியின்மேல் கையை விரித்து அழுத்திக்கொண்டாள்.

அவன் அந்தக் கையின் மேலேயே அடித்தான். மூன்று விரல்கள் விசைப்பலகைக்குள் புதைந்தன. அடுத்த அடியில் மின்கலம் வெடித்துத் தீப்பிடித்தது. தணிகையின் ஒன்பது நிமிடமும் கரும்புகையாகக் கூரையில் படிந்தது.

செல்லக்கிளி அவளைத் தாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். ஊடுகதிர்ப்படத்தை மருத்துவர் தன் கணினியில் திறந்தார்.

“பயப்படாதீங்கம்மா. எலும்பெல்லாம் நேராத்தான் இருக்கு.”

திரையில் ஐந்து விரல்களும் யாருடையவோபோல் ஒழுங்காக நீண்டிருந்தன. மங்கை தன் சிதைந்த கையைத் தூக்கி மேசைமீது வைத்தாள். குருதி அவருடைய தாள்களை நனைத்தது.

“திரையை விடுங்க டாக்டர். கையைத் தொட்டுப் பாருங்க.”

அவர் கையைப் பார்த்தார்; திரையை அதைவிட நெடுநேரம் பார்த்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. நீட்டிய விரலைப் பாதியிலேயே மடக்கிக்கொண்டு, நனையாத ஒரு தாளைத் தேடி எடுத்து எழுதினார்: காயம் இல்லை.