அத்திம்பேரின் ஹைபர்நேட்

தாபோடியில் ரமா அத்தையின் ஃபிளாட்டுக்கு சாய்கிருஷ்ணா வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஐ.டி. கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கும் 'டெலிவரி ஹெட்' அவன். லிஃப்ட் வருவதற்குள் இந்தச் செய்தியை வாட்ச்மேனுக்கும் தெரிவித்தாயிற்று.

வீட்டுக்குள் மூக்குப்பொடி வாசனை. பொடி போடுகிற விச்சு அத்திம்பேர், அத்தையின் கணவர், போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது.

"அணைச்சாலும் அந்தக் கம்ப்யூட்டர் தானா முழிச்சுக்கறதுடா," என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி. "சாயங்காலமானா அவர் பாதியில விட்ட சீட்டாட்டம் வந்து நிக்கறது. தினம் ஒரு சீட்டு நகர்ந்திருக்கு. ரிப்பேர்க்காரன் 'சப் டீக் ஹை, காகு', எல்லாம் சரியா இருக்கு மாமின்னுட்டுப் போயிட்டான். நான் எப்படிடா இங்க தனியாப் படுத்துப்பேன்?"

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வேக் டைமர். மெஷினை நேரத்துக்கு எழுப்பற அலாரம்."

உட்கார்ந்தான். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. புழுக்கம் என்று தனக்கே விளக்கம் அளித்துக்கொண்டான். விளக்கம் அளிப்பதற்குத்தானே சம்பளம்.

பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து வேக் டைமரை அணைத்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பின் டிக்கை எடுத்தான். ஒவ்வொரு கிளிக்குக்கும் பெட்டிக்குள்ளிருந்த ஃபேன், மூச்சைப் பிடித்து விடுவதுபோல் நின்று நின்று ஓடியது.

"அத்திம்பேர் ஷட்டவுனே பண்ணினதில்லை போல. எப்பவும் ஹைபர்நேட். திறந்திருக்கறதை அப்படியே ஒரு ஃபைல்ல மடிச்சு வெச்சுட்டு மெஷின் தூங்கிடும். முழிச்சா, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கும்."

"அப்போ அவர் விட்ட இடம்?"

"அழிச்சுடறேன். ஒரே ஒரு கமாண்ட்."

என்டர் தட்டினான்.

முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

அத்தை அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

சட்டென்று மெஷினை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கினான். திரை இருண்டது. மழைச் சத்தம் மட்டும்.

"எங்கடா போனார்?" அத்தையின் உதடு மட்டும் அசைந்தது.

"யாரு?"

"இத்தனை நாள் அதுக்குள்ளதான் தூங்கிண்டிருந்தார். காரியத்தப்போ கட்டில் மெத்தை தானம் குடுத்தே ஆகணும்னு வாத்தியார் தலையால அடிச்சுண்டார். நீதான் 'போனவருக்கு எதுக்கு மெத்தை'ன்னு வாத்தியாருக்கே லெக்சர் அடிச்சே. இப்போ படுத்திருந்த இடத்தையும் பிடுங்கிட்டியேடா."



படுக்கையறையில் ஃபேன் ரெகுலேட்டர் திரும்பியது.

டக். டக். டக்.

கட்டில் முனகியது.

"அத்தை, என்னோட வந்துடுங்கோ. இப்பவே." இதைச் சொன்னபோது டெலிவரி ஹெட் வாசலில் இருந்தான். ஒரு காலில் ஷூ, அதுவும் அத்திம்பேருடையது.

அத்தை வரவில்லை. மெல்லப் படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே யாரும் இல்லை. சுவரோரம் மெத்தை மட்டும், ஆள் ஒருக்களித்த அளவுக்கு அமுங்கியிருந்தது.

இந்தப் பக்கம் அவளுடைய தலையணையை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கை, நிதானமாகத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தது.