ஒரே பிளேட்டில் பாப்பாவும் நிலாவும்

மலாக்காவில், காஜா பெராங் தெருவில், ராஜரத்தினம் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பெயர்ப் பலகை இருந்தது. பெரிய மரக் கேமரா இருந்தது. பின்னால் தொங்கவிட, ஏரியும் அன்னமும் வரைந்த திரை ஒன்றும் இருந்தது. படம் எடுக்கத்தான் வழியில்லை.

அந்தக் காலத்தில் மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில்தான் அவர் படம் பிடிப்பார். அதற்குப் பெயர் பிளேட்டு. ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு கப்பல் வரவில்லை. கப்பல் வராததால் பிளேட்டும் வரவில்லை. ராஜரத்தினம் ஸ்டூடியோவுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுவிட்டார்.

அவர் மகள் சந்திரமதிக்குப் பதினோரு வயது. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்காமல் எப்படி இருப்பது? இருட்டடிப்பு உத்தரவு போட்டிருந்தார்கள். தெருவில் ஒரு விளக்கும் எரியாது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. வெளிச்சமெல்லாம் போனதும் வானத்தில் இதுவரை காணாத நட்சத்திரங்களெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன.

"அப்பா, நிலாவைப் படம் புடிக்க முடியுமா?"

"நம்ம கேமராவுலயா? கடுகு மாதிரி விழும். நிலாவா, தூசியான்னு சண்டை வரும்."

சந்திரமதி அதோடு விடவில்லை. அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்துபோயிருந்தது. உடையாத பக்கத்தைக் கழற்றி, ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். எதிர்வீட்டுத் தென்னை, சுவரில் தலைகீழாக விழுந்தது! சுவரிலிருந்து தள்ளிப் பிடித்தால்தான் படம் தெளிவாக இருந்தது. அவள் அளந்து பார்த்தாள். கிட்டத்தட்ட ஒரு கெஜம்.

"அப்போ ஒரு கெஜம் நீளமா குழாய் வேணும்" என்றாள்.

கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாய் ஒன்று கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் உள்ளே அடுப்புக்கரி பூசினாள். ஒரு முனையில் கண்ணாடியை ஒட்டினாள். மறுமுனையில் எண்ணெய் தடவிய தாளைக் கட்டினாள். அன்று மாலை குழாயை நிலாவை நோக்கித் திருப்பினாள். தாளில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நிலா வந்து நின்றது.

ராஜரத்தினம் குனிந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"இதுதான் கடைசி பிளேட்டு. வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப்போறேன்? பௌர்ணமி அன்னிக்கு நீ புடி."

சந்திரமதிக்குத் தரையில் கால் பாவவில்லை.

பௌர்ணமியும் வந்தது. அன்று பிற்பகல் அடுத்த வீட்டு ஜமீலா அக்கா, கைக்குழந்தை ஹஸீனாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, ஜெயபாலன் லோரி நாளைக்குக் காலையில சிங்கப்பூர் போகுதாம். புள்ளயோட படம் ஒண்ணு கொடுத்துவிட்டா அங்க எங்க வீட்டுக்காரருகிட்ட சேர்த்திடுவாரு. அவங்க வேலைக்குப் போயி, புள்ள பொறந்து ஏழு மாசமாச்சு. மொகத்தையே பார்க்கல."

ராஜரத்தினம் தலையைச் சொறிந்தார். மகளுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

"பிளேட்டு... இல்லம்மா" என்று இழுத்தார்.

"சரிண்ணே, பரவால்ல" என்றாள் ஜமீலா அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே பெட்டியை மடியில் வைத்திருந்த சந்திரமதிக்கு எல்லாம் கேட்டது. இது என்னுடையது, இனி எப்போது கிடைக்குமோ என்று ஒரு நிமிடம் பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். பாப்பா வெளியே ஏதோ மழலை பேசியது. சந்திரமதி எழுந்து வந்தாள்.

"ஒண்ணு இருக்குக்கா."

ஜமீலா அக்கா படபடவென்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். சந்திரமதியோ ஜன்னலின் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கறுப்புத் துணியைப் படம் புடிச்சா பிளேட்டுல என்ன விழும்?"

"ஒண்ணும் விழாது. அந்த எடம் சும்மாதான் இருக்கும்."

"அப்போ பாப்பாவைக் கீழே உட்கார வச்சு, மேலே முழுக்கக் கறுப்புத் துணி கட்டுவோம். சும்மா இருக்குற எடத்துல நிலாவைப் புடிப்போம்!"

ராஜரத்தினம் கேமராவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நிலா போயி பாப்பா வயித்துல விழுந்துட்டா?"

"விழாதுப்பா. கேமராவுல எல்லாம் தலைகீழாத்தானே விழும்? கறுப்புத் துணி பிளேட்டுல கீழ்ப்பக்கம் இருக்கும். பிளேட்டை வைக்கிற சட்டத்தோட மூடியை ரெண்டு விரல் அளவு மட்டும் மேல இழுத்தா, கீழ்ப்பக்கம்தானே திறக்கும்? பாப்பா மூடிக்குள்ள பத்திரமா இருப்பா."

"அலாமாக்!" என்று வியந்தார் ராஜரத்தினம்.

கொல்லையில் கறுப்புத் திரையைக் கட்டினார்கள். அதற்கு முன்னால் முக்காலியில் பாப்பா. ஆனால் பாப்பா மேலே பார்க்கவே இல்லை, தன் கால் கட்டைவிரலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தது. சந்திரமதி ஏணியில் ஏறி, ஒரு பளபளப்பான டின் மூடியை ஆட்டினாள். பாப்பா நிமிர்ந்தது. ஒரு கையை நீட்டியது. பொக்கைவாய் விரிந்தது.

கிளிக்!

ஸ்டூடியோக் கடிகாரம் எட்டு அடித்தபோதுதான் சூரியன் மறைந்தது. ஊர்க் கடிகாரங்களெல்லாம் ஜப்பானின் தோக்கியோ நேரத்துக்கு மாறியிருந்தன. சூரியனுக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை. பிறகு தென்னைக்கு மேலே முழுநிலா ஏறியது.

ஏணிப் படிகளில் குழாயைச் சாய்த்து, கயிற்றால் கட்டினாள் சந்திரமதி. அப்போது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய்! யாரது? என்ன அது, பீரங்கியா?"

தெருக்காவலுக்குப் போட்டிருந்த நல்லையா, கையில் தடியோடு நின்றார். அவருக்குக் குரலும் நடுங்கியது, தடியும் நடுங்கியது. "மெதுவாப் பேசுங்க!" என்று கையமர்த்தினார் ராஜரத்தினம். ராணுவக்காரர்கள் காதில் விழுந்தால் வம்பு.

சந்திரமதி வேலியைத் திறந்தாள். "வாங்க மாமா. இப்படிக் குனிஞ்சு இந்தத் தாளைப் பாருங்க."

நல்லையா சந்தேகத்தோடு குனிந்தார். அப்புறம் நிமிரவே இல்லை.

"அட! உள்ள வெச்சிருக்கியா நிலாவை? கறை கறையாத் தெரியுதே!"

"அதைத்தான் மாமா படம் புடிக்கப்போறேன். குழாய் ஆடாம கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?"

"ஆடாது. நான் புடிச்சா ஆடாது" என்று தடியைக் கீழே போட்டார் நல்லையா.

சந்திரமதி குழாயின் வாயை அப்பாவின் தொப்பியால் மூடினாள். தாளை எடுத்துவிட்டு, அங்கே பிளேட்டுச் சட்டத்தைப் பொருத்தினாள். மூடியை இரண்டே விரல் அளவு இழுத்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தொப்பியை எடுத்து, "ஒண்ணு" என்று சொல்லி, மறுபடி மூடினாள்.

"அவ்வளவுதானா?" என்றார் நல்லையா ஏமாற்றத்தோடு.

பிளேட்டைக் கழுவி, காயவைத்து, விடிந்ததும் அச்சுப் போட்டார்கள். ஜமீலா அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தாளில் மெல்ல மெல்ல முதலில் பாப்பா வந்தது. கை வந்தது. நீட்டிய கைக்கு மேலே, கன்னங்கரிய வானத்தில், வட்டமாக, தெளிவாக, நிலா வந்தது! கொஞ்சம் ஓரமாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் பாப்பா வயிற்றில் விழவில்லை.

"யா அல்லாஹ்! எம்புள்ள நிலாவையே கேக்குறாளே!" ஜமீலா அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள், இன்னொரு கையால் சந்திரமதியை இழுத்து அணைத்தாள். பாப்பா நடுவில் மாட்டிக்கொண்டு கத்தியது.

அடுத்த வளர்பிறையில் ஜெயபாலனின் லோரி திரும்பி வந்தது. தெருவே கூடிவிட்டது.

"உன் வீட்டுக்காரரு படத்தைப் பையிலயேதான் வச்சிருக்காரு" என்றார் ஜெயபாலன். "பார்க்கிற ஆளுக்கெல்லாம் காட்டுறாரு. 'முதல்ல நிலாவைப் பாரு, அது எங்க தெருப் புள்ள புடிச்சது. அப்புறம் என் மகளைப் பாரு'ங்கிறாரு."

"முதல்ல நிலாவா? வரட்டும், பேசிக்கிறேன்!" என்றாள் ஜமீலா அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

சந்திரமதி அங்கே இல்லை. அவள் கொல்லையில் குழாயை ஏணியில் கட்டிக்கொண்டிருந்தாள். பிளேட்டு இல்லாவிட்டால் என்ன, தாளில் பார்க்கலாமே! பாதி நிலாவில் மேடும் பள்ளமும் இன்னும் நன்றாகத் தெரியும் என்று அவள் இதற்குள் கண்டுபிடித்திருந்தாள். அன்று மாலை தெருப்பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

வரிசையில் முதல் ஆளாக நின்றவர் நல்லையா.