வெள்ளைக் கம்பத்துக்கு அப்பால்

ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்தேன். கெட்டிலைப் போட்டேன். நாய்க்குச் சாப்பாடு வைத்தேன். ரொட்டி கொஞ்சம்தான் இருந்தது. அதை வாட்டி என் மனைவி பிரையனிக்குக் கொடுத்தேன். அவள் உலோகம் தேடும் டிடெக்டரில் பேட்டரியைச் செருகி, ஸ்பூனை அருகில் கொண்டுபோய்க் கத்துகிறதா என்று பார்த்தாள். கத்தியது. ஏழரைக்கு அவளுடைய கார் கிளம்பியது. பாத்திரம் கழுவினேன்.

மாலை நான்கு மணிக்கு வாராகில் தேசியப் பூங்காவின் ரேஞ்சர் மார்னி அவளைக் கண்டுபிடித்தாள். தங்கம் தோண்டிய காலத்துப் பழைய சுரங்கக் கிணறு ஒன்றின் அடியில் கிடந்தாள். உயிர் இல்லை.

மூன்று வாரமாக மழை இல்லை. அன்று மட்டும் பதினொன்றரைக்கு ஒரு மழை அடித்து, அரை மணியில் நின்றது. அவள் உடுப்பு நனைந்திருந்தது. மேலே தூக்கியபோது, அவள் கிடந்த இடத்தில் மண் காய்ந்திருந்தது.

கிணற்றின் விளிம்பருகே அவளுடைய டிடெக்டர் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஹெட்போன் கைப்பிடியில் சுற்றியிருந்தது. பக்கத்தில் தோண்டிய குழி மூடப்பட்டு, மேலே சருகு பரப்பியிருந்தது.

கான்ஸ்டபிள் காரெத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினார்.

"லாக்லன், தவறி விழறவங்க மெஷினைச் சாய்ச்சு வச்சுட்டு விழமாட்டாங்க. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"மார்ச்ல எங்க குழந்தை இறந்து பிறந்துச்சு."

அவர் அதை எழுதிக்கொண்டார். அவள் என்னை விட்டுத் தானாகவே போனாள் என்று அவர் அறிக்கை சொல்லும். அப்படித்தான் போனாளா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

திங்கள் காலை மார்னி கூப்பிட்டாள். "மண்வெட்டி எடுத்துட்டு வா. காரெத்துகிட்ட அனுமதி வாங்கிட்டேன். நெவ்வையும் வரச் சொல்லியிருக்கேன்."

நெவ் ட்ரெலோர் ஊரின் டிடெக்டர் சங்கத் தலைவர். அறுபது தாண்டியவர். பிரையனிக்கு இந்த வேலையைப் பழக்கியவர். பூங்காவில் எது வரை தேடலாம் என்று காட்டும் வெள்ளைக் கம்பங்களை அவர்தான் ஊன்றினார். கிணறு அந்தக் கம்பங்களுக்கு வெளியே, தோண்டக் கூடாத பகுதியில் இருந்தது.

"லாக்கி தம்பி," என்று என் தோளைத் தொட்டார். மூவரும் கிணற்றருகே நின்றோம்.

"நேத்து எங்க இருந்தீங்க, தலைவரே?" என்றாள் மார்னி.

"கீழ்ப்பள்ளத்துல. மழைக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்."

"ஏதாவது கிடைச்சுதா?"

"பீர் மூடி ரெண்டு. சங்கத்துக்கே புதையல் நான்தான்."

மார்னி மண்டியிட்டுச் சருகை ஒதுக்கினாள். மண்ணை மெதுவாகச் சுரண்டி எடுத்தாள். குழியின் அடிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"லாக்கி, இதைத் தொட்டுப் பாரு."

அடியில் மெல்லிய களிமண் ஏடு. பாலாடை போல வழவழப்பாகப் படிந்திருந்தது.

"மழைத் தண்ணி தேங்கி வடிஞ்ச தடம்," என்றாள். "மழை பெய்யறப்போ இந்தக் குழி திறந்து கிடந்திருக்கு. பிரையனிக்குக் கீழ மண்ணு காய்ஞ்சிருந்துச்சு. அவ மழைக்கு முன்னாடியே விழுந்துட்டா. அப்போ குழியை மூடினது யாரு?"

நான் நெவ்வைப் பார்க்கவில்லை. குழியைத்தான் பார்த்தேன்.

"நேத்து இன்னொரு காரும் நின்னுச்சே," என்றார் நெவ். "சிட்டிக்காரங்க, புருஷன் பொண்டாட்டி."

"அவங்க போன வழியைக் கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம். முயல் தோண்டின மாதிரி வழி நெடுக ஓட்டை. ஒண்ணையும் மூடல. நூறு தடவை சொன்னாலும் அந்த மாதிரி ஆளுங்க மூடமாட்டாங்க. நேத்து நின்னது மூணு கார். பிரையனியோடது, அவங்களோடது, அப்புறம் உங்களோடது. பக்கத்துல ஒருத்தி செத்துக் கிடக்கறப்போகூட குழியை மூடாம போக முடியாத ஆளு இந்த ஊர்ல ஒருத்தர்தான், தலைவரே."

நெவ் பக்கத்து வெள்ளைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ வேணாம்னுதான் சொன்னா," என்றார். "நான்தான் கம்பத்தைத் தாண்டி ரெண்டு எட்டு வச்சுப் பாப்போம்னு கூட்டிட்டு வந்தேன். தோண்டிட்டு எந்திரிச்சா. கிணத்து விளிம்பு அப்படியே சரிஞ்சுபோச்சு. கூப்பிட்டேன், பதில் சொன்னா. இங்க போன் எடுக்காது. கயித்துக்குக் காருக்கு ஓடினேன். மழை பிடிச்சுக்கிச்சு. திரும்பி வந்து கத்தினேன், கத்தினேன். சத்தமே இல்ல."

"அப்புறம்?"

"மெஷின் சேத்துல கிடந்துச்சு. அதை அப்படிப் பாக்க மனசு வரல. தொடைச்சு நிமித்தி வச்சேன். குழியை... கை தானா மூடிடுச்சு, மார்னி. மூடினப்புறம்தான் என்ன செய்யறேன்னே தெரிஞ்சுது."

"வாயைத் தொறந்திருக்கலாமே?"

"தலைவனே கம்பத்தைத் தாண்டினான்னு தெரிஞ்சா பூங்காவுல எல்லாருக்கும் தடை போட்டுருவாங்க. நாப்பது பேருக்கு ஞாயித்துக்கிழமைன்னா இதுதான். அவ போயிட்டா, இனி சொல்லி என்னன்னு நெனச்சேன்."

"அவ தானா குதிச்சான்னு போலீஸ் எழுதப் போறாங்க. அது தெரியுமா?"

"ராத்திரி தெரிஞ்சுது."

"தெரிஞ்சும்?"

குழியில் என்ன இருந்தது என்று மார்னி கேட்டாள். நெவ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். குதிரை லாடத்தின் ஆணி. துருப்பிடித்திருந்தது.

"காரெத்துகிட்ட வந்து சொல்லணும்," என்றாள்.

"வர்றேன்."

மார்னி காரை நோக்கி நடந்தாள். நெவ் எழ முயன்றார். நான் கை கொடுக்கவில்லை.

"நீங்க ஓடறதுக்கு முன்னாடி அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன். "உள்ளபடி சொல்லுங்க."

கிணற்றைப் பார்த்தபடி, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

"ஓடாதீங்க நெவ், கல்லு தடுக்கி நீங்களும் விழப் போறீங்க. மெதுவாவே வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."