வண்டியை நிறுத்தும் பொத்தான்

"காலாட்படை கிளம்பியாச்சா?" என்று மாடிப்படியிலிருந்து கத்தினான் ஆன்ட்ரி.

லதீனா பூட்ஸ் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் பூட்ஸ் நாடாவைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவளுடைய இடது கையில் மாவுக்கட்டு. போன வாரம் பயிற்சியில் குப்புற விழுந்ததற்குக் கிடைத்த பரிசு.

மலையூரான வல்செராவில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பனிச்சறுக்கும் பழகிவிடுவார்கள். இன்று ஊர்ப் பிள்ளைகளுக்கான சறுக்குப் போட்டி. போன வருஷம் முழுக்க லதீனா நினைத்துக்கொண்டிருந்த போட்டி. அண்ணன் ஆன்ட்ரி எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அதற்குப் போகிறான். அவளோ அம்மாவோடு காலாட்படையில் போகிறாள்.

காலாட்படை என்றால், சறுக்கத் தெரியாத விருந்தாளிகள். வீட்டார் எல்லோரும் மலையில் சறுக்கிக்கொண்டிருக்க, இவர்கள் விடுதி ஜன்னலோரம் காப்பி குடித்துக் குடித்து அலுத்துப்போவார்கள். வியாழக்கிழமைதோறும் இவர்களை எங்காவது கூட்டிப்போய் வருவது அம்மாவின் வேலை.

இன்று ஐந்து பேர். டச்சுக்கார அக்கா தங்கை இருவர், ஒரு கர்ப்பிணிப் பெண், அவளுடைய தாயார், பிறகு கைத்தடி ஊன்றிய ஹார்ம்ஸ் ஐயா. ஹார்ம்ஸ் ஐயா வடக்கே கடலோரத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். அதிகம் கேட்கவும் மாட்டார்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதுவும் லதீனாவிடம்.

மலை ரயில் சுர்லாய் ஏரியை நெருங்கியபோது, லதீனா எழுந்து கதவோரம் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தாள்.

"எதுக்குப் பாப்பா அதை அழுத்தின?"

ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் வண்ணக் கொடிகள் தெரிந்தன. போட்டி ஆரம்பிக்கும் நேரம். லதீனா அந்தக் கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான்" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

ஹார்ம்ஸ் ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை.

இந்த மலை ரயில் எல்லா இடத்திலும் நிற்காது. சுர்லாய் மாதிரிச் சின்ன நிறுத்தங்களில், இறங்குகிறவர் வண்டிக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். ஏறுகிறவர் நடைமேடையில் இருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். யாரும் அழுத்தாவிட்டால் வண்டி தன்பாட்டுக்குப் போய்விடும். இது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

உறைந்த ஏரியோரம் நடந்தார்கள். அங்கே இருந்த ஒரே சாப்பாட்டுக் கடையில் பார்லி சூப் குடித்தார்கள். டச்சுச் சகோதரிகள் வால்நட் கேக்கை ஆளுக்கு மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, வழிக்கென்று ஒரு பொட்டலமும் கட்டிக்கொண்டார்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கத் தொடங்கியதும் கடைக்காரர் இவர்களை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நிறுத்தத்தில் லதீனா பொத்தானை அழுத்தினாள். வண்டி வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அல்லது, ஏறிவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வண்டி கிளம்பியதும் டச்சு அக்கா பொட்டலத்தைப் பிரித்தார்.

"இந்தத் துண்டு ஹார்ம்ஸுக்கு. பின்பெட்டில இருப்பாரு. குடுத்துட்டு வர்றியா கண்ணு?"

லதீனா கேக்கை வாங்கிக்கொண்டு பின்பெட்டிக்குப் போனாள். ஆள் இல்லை. கழிப்பறைக் கதவைத் தட்டினாள். அது காலியாக இருந்தது.

ஏறும்போது ஓரக்கண்ணில் பட்ட ஒரு காட்சி இப்போது நினைவுக்கு வந்தது. நடைமேடையில், கடைசிக் கதவுக்கு நேரே, ஹார்ம்ஸ் ஐயா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருந்திருக்கிறார். ஆனால் அந்தக் கதவையும் அதில் இருக்கும் பொத்தானை அழுத்தித்தான் திறக்கவேண்டும்.

கேக்கைப் பையில் திணித்துக்கொண்டு முன்பெட்டிக்கு ஓடினாள்.

"அம்மா, ஹார்ம்ஸ் ஐயா வண்டியில இல்ல."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. கர்ப்பிணிப் பெண் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்தபடி மறு கையால் போனை எடுத்தாள். சாப்பாட்டுக் கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ரயில் அலுவலக எண்ணில் பாட்டுப் போட்டார்கள். நடுநடுவே ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது.

"அவர் போனுக்குப் போடுங்களேன்" என்றார் டச்சுத் தங்கை.

"விடுதியிலயே வெச்சுட்டு வந்துட்டார். லீவுல போன் எதுக்குன்னு காலைல சொன்னாரே" என்றாள் அம்மா.

"சரி, அடுத்த வண்டில வந்துடுவாரு."

"அதுதான் இன்னைக்குக் கடைசி வண்டி. அவர் பொத்தானை அழுத்தினாத்தான் நிக்கும்."

"அழுத்துவாரு இல்ல?"

எல்லோரும் லதீனாவைப் பார்ப்பது போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் அப்படி இருந்தது.

"அவருக்குத் தெரியாது. காலைல என்கிட்ட கேட்டார். நான் சொல்லல" என்றாள் மெதுவாக.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. இந்த மாதத்தில் சுர்லாயில் இரவு எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாளியில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடும்.

வண்டி பிராதா நிலையத்தில் நின்றது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் இங்கேதான் எதிர்வண்டி விலகிப் போகும். அதோ, அதுவும் வந்து நின்றுவிட்டது. அது சுர்லாய் வழியாகப் போகிற வண்டி.

"அம்மா, நான் எதிர்வண்டில போறேன். சுர்லாய்ல இறங்கி, அவரோட கடைசி வண்டில வந்துடறேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். மடியில் சாய்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். லதீனா ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த ரயிலில் தனியாகப் பள்ளிக்கூடம் போகிறவள். ஆனால் அது பகலில்.

"போ" என்றாள் அம்மா. "மேடையை விட்டு ஒரு அடி நகரக்கூடாது. சத்தியம்?"

"சத்தியம்."

லதீனா குதித்து இறங்கினாள், ஓடினாள், ஏறினாள். கதவு முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

ஏறியவுடனேயே பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் இன்னொரு தடவை அழுத்தினாள். பெட்டியில் வேறு யாரும் இல்லை. 'நல்லா உடுத்தியிருக்கார். சூப் குடிச்சிருக்கார். அங்கயே நின்னுட்டிருப்பார்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சுர்லாயில் அவர் இல்லை.

வண்டி போய்விட்டது. மேடையில் ஒரே ஒரு விளக்கு. அதைச் சுற்றிலும் பால் கொட்டியது போல மூடுபனி.

"ஹார்ம்ஸ் ஐயா!"

பனி அவள் குரலைத் தின்றுவிட்டது. தன் காதுக்கே அது கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

போனில் சிக்னல் இல்லை. அதன் வெளிச்சத்தில் தரையைப் பார்த்தாள். மேடையின் ஓரத்திலிருந்து பூட்ஸ் தடம் ஒன்று கிளம்பிப் போனது. பக்கத்திலேயே சின்ன வட்டக் குழிகள். கைத்தடி. ஹார்ம்ஸ் ஐயா உதவி கேட்கச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். கடை பூட்டிக் கிடக்கும். திரும்பி வரும்போது வழி தெரியாது. அந்த வழியில்தான் ஓடை ஏரியில் கலக்கிறது. அங்கே மட்டும் பனிக்கட்டி மெலிசு.

அவள் கால்கள் தாமாகவே மேடையின் ஓரத்துக்கு வந்திருந்தன. கால் போ என்றது. புத்தி நில் என்றது.

அவளும் தொலைந்துபோனால்? பொத்தானை அழுத்த யார் இருப்பார்கள்? அம்மாவிடம் செய்த சத்தியம் வேறு. லதீனா அழுகையை விழுங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் போகக்கூடாது, அவர்தான் வரவேண்டும் என்று நினைத்தாள். குரல் போகாத இடத்துக்கு எது போகும்?

நிழற்கூரையின் சுவரில் பனி வாரும் இரும்பு மண்வாரி சாய்ந்திருந்தது. அதை வலது கையால் தூக்கி விளக்குக் கம்பத்தில் ஓங்கி அடித்தாள்.

டாங்.

நல்ல சத்தம். தோள் வரை அதிர்ந்தது.

டாங். டாங். டாங்.

நிறுத்திக் காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தாள். கை மரத்துப்போனது. மாற்றிப் பிடிக்க மறு கையும் இல்லை. மாவுக்கட்டை மனசாரத் திட்டிக்கொண்டே அடித்தாள். நிறுத்திக் கேட்டாள். ஒன்றுமில்லை. இது முட்டாள்தனமோ, ஓடிப்போய்த் தேடியிருக்கணுமோ என்று பயம் நெஞ்சைக் கவ்வியது. அழுதுகொண்டே அடித்தாள்.

பிறகு எங்கிருந்தோ, ரொம்பத் தூரத்தில், தக் தக் என்று கேட்டது. கல்லில் தடி தட்டும் சத்தம்.

லதீனா விடாமல் அடித்தாள். தக் தக் நெருங்கி வந்தது. முதலில் தடி தெரிந்தது. அப்புறம் தொப்பி. அப்புறம் புருவமெல்லாம் வெள்ளையாக ஹார்ம்ஸ் ஐயா. ஒரு கால் முழங்கால் வரை ஈரம்.

"நீயா மணி அடிச்சது?" என்றார், பல் கிட்டிக்க.

"மணி இல்ல. மண்வாரி."

"எங்க ஊர்த் துறைமுகத்துல மூடுபனின்னா மணி அடிப்பாங்க. படகெல்லாம் சத்தத்தை வெச்சே வந்துடும். நானும் அப்படியே வந்துட்டேன்."

லதீனா அவரை நிழற்கூரைக்குள் உட்காரவைத்தாள். ஈர பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, தன் கம்பளிக் கழுத்துத் துண்டை அந்தக் காலில் சுற்றினாள். பையிலிருந்த கேக்கை நீட்டினாள். அது நசுங்கித் தூளாகியிருந்தது. அவர் ஒரு துகள் விடாமல் தின்றார்.

"கதவு தொறக்கவே இல்லம்மா. நான் மரியாதையா நின்னேன். அதுவும் மரியாதையா போயிடுச்சு."

லதீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"காலைல நீங்க கேட்டீங்க. நான் ஒழுங்கா சொல்லல. போட்டிக்குப் போகமுடியலன்னு எனக்குக் கோவம். அதை உங்க மேல காட்டிட்டேன்."

"நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றார் அவர். "இந்த வயசுல ஒரு பொத்தானைப் பத்திக் கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு."

தண்டவாளம் மெல்ல முனகத் தொடங்கியது.

"கடைசி வண்டி" என்று எழுந்தாள் லதீனா. "நீங்களே அழுத்துங்க. இதை அழுத்தினாத்தான் வண்டி நிக்கும்."

ஹார்ம்ஸ் ஐயா நொண்டிக்கொண்டே வந்து அழுத்தினார். விளக்கு எரியவில்லை. பலமாக அழுத்தினார். எரியவில்லை. இத்தனை நேரம் இறங்கிய மூடுபனி பொத்தானின் மேல் கண்ணாடி போல உறைந்திருந்தது. அது அசையவே இல்லை.

தூரத்தில் மூடுபனிக்குள் மஞ்சள் வெளிச்சம் ஒன்று கிளம்பியது.

லதீனா நகத்தால் சுரண்டினாள். வாயால் ஊதினாள். வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது, கொஞ்சமும் வேகம் குறையாமல். அவள் இடது கையைத் தூக்கி, மாவுக்கட்டின் விளிம்பால் அந்தப் பனிக்கட்டியை ஒரு போடு போட்டாள். டொக். எலும்பு வரை வலித்தது. பனிக்கட்டி விரிசல் விட்டுக் கீழே விழுந்தது.

"இப்ப அழுத்துங்க."

அழுத்தினார். விளக்கு எரிந்தது.

வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, அவர்களைத் தாண்டிப் போய், கடைசிக் கதவு நேரே வரும்படி நின்றது. ஹார்ம்ஸ் ஐயா பழக்க தோஷத்தில் கதவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். லதீனா ஒதுங்கி நின்றாள். ஒரு நொடி கழித்து அவர் விரலை நீட்டி, கதவுப் பொத்தானைத் தாமே அழுத்தினார்.

வல்செரா நிலையத்தில் மருத்துவரோடு அம்மா காத்திருந்தாள். லதீனாவைக் கட்டிக்கொண்டவள் வெகுநேரம் விடவே இல்லை. பின்னால் காலாட்படை முழுவதும் நின்றது, விடுதிக்குப் போகமாட்டோம் என்று அடம்பிடித்துக்கொண்டு. மருத்துவர் ஹார்ம்ஸ் ஐயாவின் காலைப் பார்த்துவிட்டு, விரல்களுக்கு ஆபத்தில்லை என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் காலை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், ஹார்ம்ஸ் ஐயா சிவப்புப் பேனா ஒன்றைக் கேட்டு வாங்கினார். லதீனாவின் மாவுக்கட்டில் வட்டமாக ஒரு பொத்தான் வரைந்து, உள்ளே அழகாக வண்ணமும் பூசினார்.

கழுத்தில் வெள்ளிப் பதக்கம் ஆட ஆன்ட்ரி வேகமாக உள்ளே வந்தான். பதக்கத்தை மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு, லதீனாவைத் தாண்டி ஓடப்போனவன் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"என்ன இது?"

"அழுத்திப் பாரு."

அழுத்தினான். காத்திருந்தான். இன்னொரு தடவை அழுத்தினான்.

"ஒண்ணும் ஆகலியே."

"ஆச்சே" என்றார் ஹார்ம்ஸ் ஐயா, காப்பிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து. "நீ நின்னுட்டியே."

காலாட்படை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஆன்ட்ரியும் அசடு வழியச் சிரித்துவிட்டு, தங்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சரி, சொல்லு. நேத்து என்ன நடந்துச்சு?"