நிழலைத் தேடிப் போன பெஞ்சுகள்

"ஒரு காக்காகூட இந்தப் பூங்காவுக்கு வர்றதில்ல. அடுத்த வாரம் இதை கார் நிறுத்துற இடமா மாத்திடலாம்" என்றார் குடியிருப்புத் தலைவர்.

"எல்லாரும் வந்தா மாத்த மாட்டீங்கல்ல, மாமா?" என்று கேட்டாள் சுண்டெலி. உருவத்தால் வந்த பெயர் அது. ஆனால், ஒன்றைப் பிடித்தால் துளைக்காமல் விடமாட்டாள்.

"முதல்ல வரட்டும்!" அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஏன் யாரும் வருவதில்லை? மாலையில் பள்ளி விட்டதும் சுண்டெலி அங்கிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஐயோ!" என்று துள்ளி எழுந்தாள். அடுப்பாகச் சுட்டது!

பக்கத்திலேயே பெரிய மரம். நிழல் மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் ஜம்மென்று படுத்துக் கிடந்தது.

மறுநாள் காலை ஓடிவந்து பார்த்தாள். இப்போது நிழல் பெஞ்சுகளின் மேலேயே இருந்தது!

சுண்டெலிக்குப் புரிந்துவிட்டது. காலையில் சூரியன் கிழக்கே இருக்கும். நிழல் மேற்கே விழும். மாலையில் சூரியன் மேற்கே போனதும் நிழல் கிழக்கே வந்துவிடும். பெஞ்சு போட்டவர்கள் காலையில் வந்து, அப்போது நிழல் இருந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். ஆனால், இங்கே எல்லாருக்கும் ஓய்வு கிடைப்பது மாலையில்தானே!

பெஞ்சைத் தள்ளினாள். மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். ம்ஹூம்!

விடுவாளா? அன்று மாலையே தையல்கார அக்காவைக் கையோடு இழுத்துவந்தாள். அவருக்குப் பக்கத்து வீட்டு பஸ் டிரைவரையும் விடவில்லை.

"ஓ, நீங்கதானா அது? ரெண்டு வருஷமா உங்க மிஷின் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கேன்" என்றார் டிரைவர்.

"நானும் உங்க குறட்டையை மட்டும்தான் கேட்டிருக்கேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில், தூக்கிய பெஞ்சு தொப்பென்று கீழே விழுந்தது.

"சிரிச்சா பெஞ்சு நகராது. தூக்குங்க!" என்று அதட்டினாள் சுண்டெலி.

சத்தம் கேட்டு மாடிகளில் தலைகள் முளைத்தன. "இருங்க, நாங்களும் வர்றோம்!" ஆளுக்கொரு கை பிடித்ததும் எல்லா பெஞ்சுகளும் நிழலுக்கு வந்தன.

"வரிசையா வேணாம். முகம் பார்த்துப் பேசுற மாதிரி எதிரெதிரா போடுங்க" என்றாள் சுண்டெலி.

அடுத்த வாரம் தலைவர் அளவு நாடாவோடு வந்தார். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. புல்லில்கூட இடமில்லை. நாடாவை எங்கே வைத்து அளப்பது?

"ஏன் சார் வெயில்ல நிக்கிறீங்க?" என்றார் டிரைவர்.

தலைவர் நெற்றியைத் துடைத்தார். நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, சுண்டெலி."