குரைக்கிறவருக்கு ஒரு வசனம்

என் அக்கா வில்மா நடித்துப் பேர் வாங்கியதும், நாடகங்கள் எழுதிப் பேர் வாங்கியதும் ஊருக்கே தெரியும். ஆனால் அவள் முதன்முதலாக எழுதிய வசனம் ஒரு நாய்க்காக என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது. அன்றைக்கு நானும் அதே அறையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் நான் சொல்வதுதான் சரியான கதை. வில்மா வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. எனக்கு ஒன்பது.

எங்கள் சின்சினாட்டி நகரத்தில் சாயங்காலம் ஐந்தே கால் மணி ஆகிவிட்டால் தெருவில் ஒரு பிள்ளையையும் பார்க்க முடியாது. எல்லாரும் ரேடியோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். 'பனிக்குன்று வீடு' நாடகம் தொடங்கிவிடும். கால் மணி நேரம்தான். ஆனாலும் அதற்காகப் பந்து விளையாட்டையே பாதியில் விட்டுவிட்டு ஓடுவோம்.

குன்றின் மேல் ஒரு வீடு. அதில் ஓர் அப்பா, அவருடைய மகள் ஜோசி, ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டியின் பெயர் பட்டன். பனிப்புயலில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த குட்டி அது.

ஜோசியாகப் பேசியவள் எங்கள் வில்மாதான்! தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் நானும் டிராம் ஏறி ரேடியோ நிலையத்துக்குப் போவோம். அவள் நடிப்பாள். நான் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தும்மாமல் இருப்பேன். அதுவும் லேசான வேலை இல்லை.

பட்டனாகக் குரைத்தவர் மிஸ் ஃபென். ஒல்லியாக, உயரமாக இருப்பார்; பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் குரைப்பார். பக்கத்தில் நின்று பார்த்தாலும் நம்ப முடியாது. பசிக்கு ஒரு குரைப்பு, கோபத்துக்கு ஒன்று, அப்பாவின் செருப்பைக் கடித்துவிட்டு மாட்டிக்கொண்டால் அதற்கு ஒன்று. நாடகத்தில் கோழி, குதிரை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எல்லாமே அவர்தான். ஆனால் மூன்று வருஷத்தில் மனிதக் குரலில் ஒரு வார்த்தை பேசும் வேஷம் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாம் நேரடி ஒலிபரப்பு. நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று, கையில் இருக்கும் தாளைப் பார்த்துப் பேசுவார்கள். படித்து முடித்த தாளைப் புரட்டக் கூடாது. புரட்டினால் சரசரவென்று சத்தம் மைக்கில் விழும். விரலை விட்டால் போதும், தாள் தானாகக் கம்பளத்தில் போய் விழும். நாடகம் முடியும்போது தரையெல்லாம் தாளாக இருக்கும்.

அந்தத் தாள்களைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவது வில்மாவின் வழக்கம். பின்பக்கம் வெறுமையாக இருக்குமே! அதில் அவள் தன் சொந்தக் கதைகளை எழுதுவாள். எனக்குக் காட்டமாட்டாள். நான் திருடிப் படிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாடகத்தை எழுதி நடத்தும் மிஸ்டர் ஹாஸ்கல் எல்லாரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு சோப்புக் கம்பெனி முதலாளி மிஸ்டர் ஓபர்மையர் நேர்ல வர்றார். ஒழுங்கா பேசுங்க. அப்புறம்..." அவர் தரையைப் பார்த்தார். "மிஸ் ஃபென், நாளைக்குத்தான் உங்களுக்குக் கடைசி நாள். வியாழக்கிழமையிலேருந்து நாய் ரெக்கார்டுல குரைக்கும்."

அந்தச் சோப்புக் கம்பெனியின் தயவில்தான் எங்கள் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மிஸ் ஃபென் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே போனார்.

வில்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மிஸ்டர் ஹாஸ்கல், அவங்களை ஏன் அனுப்புறீங்க?"

"நானாம்மா அனுப்புறேன்? குரைக்கிறதுக்கு ஒரு ஆள் எதுக்குன்னு முதலாளி கேக்குறார்."

"அப்ப அவங்களுக்குப் பேசுற வேஷம் குடுங்க!"

"மூணு வருஷமா குரைச்சவங்களுக்குப் பேச வருமான்னு யாருக்குத் தெரியும்?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

மிஸ்டர் ஹாஸ்கல் நாடகத்துக்கு நேரம் பார்க்கும் தன் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கடமான கேள்வி வந்தால் அவர் அதைத்தான் பார்ப்பார்.

மறுநாள் டிராமில் போகும்போது வில்மா முழங்காலில் ஒரு பழைய தாளை வைத்து எழுதிக்கொண்டே வந்தாள். டிராம் திரும்பும்போதெல்லாம் எழுத்தும் கோணிக்கொண்டு போனது.

"என்னக்கா எழுதுற?"

"எட்னா, பேசாம இரு. மிஸ் ஃபென்னுக்குப் பரிசு."

"கேக்கு வாங்கிக் குடுத்தா ஆகாதா?"

"கேக்கு தின்னா தீந்துடும்."

நிலையத்துக்குப் போனதும் நடையில் நின்றுகொண்டிருந்த மிஸ் ஃபென்னிடம் அந்தத் தாளைக் கொடுத்தாள். அவர் படித்தார். புருவம் மேலே போனது.

"பட்டனைத் தொலைச்ச அம்மா தேடிக்கிட்டு வர்றாங்களா? மிஸஸ் கார்பெட்... இது யாரு பேசணும்?"

"நீங்கதான்."

"அப்ப நாய்?"

"அதுவும் நீங்கதான்!"

மிஸ் ஃபென் சிரித்துவிட்டார். பிறகு தலையை வலப்பக்கம் திருப்பி அந்த அம்மாளாகப் பேசினார். இடப்பக்கம் திருப்பி நாயாகக் குரைத்தார். அவருடைய பேச்சுக் குரல் லேசாகக் கரகரத்தது. ஆனால் கேட்கக் கேட்க இன்னும் கேட்கவேண்டும்போல இருந்தது. வில்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எனக்குன்னு யாரும் ஒரு வரி எழுதினதில்ல, கண்ணு," என்றார் மிஸ் ஃபென். கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் படித்தார். பிறகு தாளை நாலாக மடித்துப் பச்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மணி ஐந்தே கால். ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் ஹாஸ்கல் கடிகாரத்தோடு நின்றார். அவர் பக்கத்தில் மிஸ்டர் ஓபர்மையர் உட்கார்ந்திருந்தார். பெரிய உருவம், பெரிய மீசை, மடியில் தொப்பி. இந்தப் பக்கம் எல்லாருக்கும் படபடப்பு. முதலாளி மீசையைத் தடவினாரா, சிரித்தாரா, கொட்டாவி விட்டாரா என்று ஒரு கண் அங்கேயே இருந்தது.

படபடப்பில் பேச்சு வேகமாகிவிட்டது. அப்பாவாக நடித்த மிஸ்டர் டாலிவர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பேசினார். வில்மாவும் அவர் பின்னாலேயே ஓடினாள். தாள்கள் படபடவென்று விழுந்தன. மிஸ்டர் ஹாஸ்கல் இரண்டு கைகளாலும் சவ்வு மிட்டாய் இழுப்பதுபோல இழுத்துக் காட்டினார். 'இழுத்துப் பேசுங்கள்' என்று அதற்கு அர்த்தம். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

கடைசித் தாளும் கம்பளத்தில் விழுந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது.

அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ரேடியோவில் சத்தம் நின்றுபோனால் என்ன ஆகும் தெரியுமா? வீட்டில் கேட்பவர்கள் முதலில் பெட்டியைத் தட்டுவார்கள். அப்புறம் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அதுவும் முதலாளி வந்திருக்கும் நாளில்!

கதவுச் சத்தம், காற்றுச் சத்தமெல்லாம் போடும் எல்மர், முடிவுப் பாட்டையாவது போட்டுவிடலாம் என்று பாய்ந்தார். அவசரத்தில் கைக்குக் கிடைத்த இசைத்தட்டில் ஊசியை வைத்தார்.

"பௌ! பௌ! பௌ!"

பாட்டு இல்லை. முதலாளிக்குப் போட்டுக் காட்ட வைத்திருந்த நாய்த் தட்டு! நம் பட்டனோ கைக்குள் அடங்கும் குட்டி. இது கன்றுக்குட்டி அளவு நாயின் குரல். மிஸ்டர் டாலிவர் வாயைத் திறந்தபடி நின்றார். எல்மர் ஊசியைத் தூக்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வில்மா மைக்கை நெருங்கினாள்.

"அப்பா! அது நம்ம பட்டன் இல்ல! வாசல்ல யாரோ பெரிய நாயோட வந்திருக்காங்க!"

சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த மர முக்காலியை விரல் முட்டியால் தட்டினாள். டொக், டொக், டொக். பிறகு மிஸ் ஃபென்னைப் பார்த்து, பச்சைச் சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினாள்.

மிஸ் ஃபென்னின் கை பைக்குப் போனது. உடனே நின்றது. மடித்த தாளை மைக்குக்குப் பக்கத்தில் பிரித்தால் ஊரே கேட்கும்! கையை வெறுமனே எடுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, குரைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்றார் மிஸ் ஃபென். "என் பேரு மிஸஸ் கார்பெட். பனிப்புயல்ல என் நாய்க்குட்டியத் தொலைச்சிட்டேன். இந்தப் பெரிய நாயையும் கூட்டிக்கிட்டு ஊர் ஊராத் தேடுறேன்."

பெரிய நாய் வில்மா எழுதியதில் இல்லை. அந்த நொடியில் அவராகவே சேர்த்துக்கொண்டது! எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. கைகள் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தலை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. "வவ்! வவ்வவ்! வவ்!"

வலப்பக்கம். "ஐயோ, என் தங்கமே! இங்கயா இருக்க நீ?"

இடப்பக்கம். "வவ்வவ்வவ்வவ்!"

"போதும்டா, போதும்டா! மூக்கை நக்காதே!"

மிஸ்டர் டாலிவருக்கும் உயிர் வந்துவிட்டது. "குளிர்ல நிக்காதீங்கம்மா, உள்ள வாங்க. ஜோசி, அந்த நாற்காலிய இழுத்துப் போடு."

"போட மாட்டேன்!" என்றாள் வில்மா. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "உக்காந்தா எங்க பட்டனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கதானே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் ஹாஸ்கல் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். இன்னும் பத்து நொடி.

மிஸ் ஃபென் கொஞ்சம் பொறுத்தார். பிறகு மெதுவாக, "அத அவன்கிட்டயே கேப்போம். பட்டன்... நீ யாரு கூட வர்ற?" என்றார்.

இடப்பக்கம் திரும்பினார். குரைக்கவில்லை. யாரிடம் போவது என்று தெரியாத ஒரு சின்ன முனகல் மட்டும் வந்தது.

மிஸ்டர் ஹாஸ்கலின் கை காற்றை வெட்டியது. சிவப்பு விளக்கு அணைந்தது. ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

நாங்கள் குதிப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. மிஸ்டர் ஓபர்மையர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மிஸ்டர் ஹாஸ்கல் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"சார், இன்னிக்கு ஒரு சின்னத் தப்பு..."

"அதெல்லாம் இருக்கட்டும்!" முதலாளியின் மீசை துடித்தது. தொப்பியை அவர் கசக்கிய கசக்கலில் அது தொப்பி மாதிரியே இல்லை. "நாய் யாரு கூடப் போகுது? எனக்கு இப்பவே தெரியணும்!"

மிஸ்டர் ஹாஸ்கல் மிஸ்டர் டாலிவரைப் பார்த்தார். மிஸ்டர் டாலிவர் மிஸ் ஃபென்னைப் பார்த்தார். மிஸ் ஃபென் வில்மாவைப் பார்த்தார்.

வில்மா சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்கு அஞ்சே காலுக்குக் கேளுங்க, சார்."

"நாளைக்கா? அதுவரைக்கும் நான் எப்படித் தூங்குறது?"

"ஆனா ஒண்ணு, சார். மிஸ் ஃபென் இருந்தாத்தான் சொல்ல முடியும். அந்த அம்மாவும் அவங்கதான், பட்டனும் அவங்கதான்."

மிஸ்டர் ஓபர்மையர் மிஸ் ஃபென்னை மேலும் கீழும் பார்த்தார். "நிஜமாவா? ரெண்டு பேரும் நீங்களேவா?"

மிஸ் ஃபென் வெட்கத்தோடு, "வவ்," என்றார்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஹாஸ்கல்! அந்த ரெக்கார்டைத் தூக்கி உள்ள வையும். இந்த அம்மா எங்கயும் போகக் கூடாது. அது சரி, இத எழுதினது யாரு?"

எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எங்க அக்கா! டிராம்ல உக்காந்து எழுதினா!" என்று கத்திவிட்டேன். அந்த அறையில் நான் பேசிய முதல் வசனம் அது.

அந்த வாரம் நிலையத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. பாதிக் கடிதங்கள் பட்டன் பெயருக்கே வந்தன. மிஸ்டர் ஹாஸ்கல் வில்மாவுக்குப் புதுத்தாள் ஒரு கட்டு கொடுத்தார். இரண்டு பக்கமும் வெறுமையான தாள்! அதில் அவள் கதையைத் தொடர்ந்து எழுதினாள். மிஸஸ் கார்பெட் பனிக்குன்றில் பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டார். பட்டன் காலையில் இங்கே சாப்பிடும், மாலையில் அங்கே சாப்பிடும். மிஸ் ஃபென் இன்னும் எட்டு வருஷம் குரைத்தார், பேசினார்.

வில்மா வளர்ந்து நியூயார்க் போனாள். தானே எழுதி, தானே நடித்த முதல் நாடகத்தை அங்கே மேடையேற்றினாள். அதில் தேநீர் கொண்டுவருகிற பெண்ணுக்கும் ஒரு நல்ல வசனம் இருந்தது. திரை விழுந்ததும் அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் வில்மா குனிந்து குனிந்து வணங்கினாள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில், எனக்குப் பக்கத்து நாற்காலியில், பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வவ்! வவ்வவ்!"

அத்தனை சத்தத்திலும் என் அக்கா சட்டென்று நிமிர்ந்து, நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.